கல்லைத் தொடாதீர்கள், கணக்கில் ஏற்ற உதவுங்கள்: ஹவாய் போகும் நம்மவர்களுக்கு ஒரு மடல்

ஹவாய்க்குப் போய்வந்த, போகப்போகிற தமிழ் மக்களுக்கு வணக்கம்.

ஊருக்கு உபதேசம் சொல்வதற்கு முன்னால் என் குட்டை நானே உடைத்துவிடுகிறேன்.

ஹவாயின் கவாய்த் தீவில் ‘இறைவன் கோயில்’ என்ற சிவன் கோயிலுக்கு 2023 மார்ச்சில் கும்பாபிஷேகம் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். அடுத்த வருடம் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது, கலிபோர்னியாவிலிருந்து குடும்பத்தோடு கிளம்பிப் போனோம். வைலுவா ஆறு கடலில் கலக்கும் இடத்திலிருந்து மலைப்பக்கம் ஏறுகிற குவாமோ சாலையில்தான் கோயிலுக்குப் போக வேண்டும். வழியில் இடது பக்கம் வண்டி நிறுத்த ஓர் இடம், ஓர் அறிவிப்புப் பலகை, அதையொட்டி எரிமலைக் கற்களை அடுக்கிய ஒரு சுவர், சுவருக்கு உள்ளே வெறும் புல். எதிர்ப்பக்கம் நீர்வீழ்ச்சி இருப்பதால் எல்லா வண்டியும் அங்கே நிற்கும், எங்கள் வண்டியும் நின்றது. சுவர் உட்கார வசதியான உயரம். உட்கார்ந்தேன், மனைவி படம் எடுத்தாள். எழுந்திருக்கும்போது அடியில் ‘கடக்’ என்று ஒரு சத்தம். தேங்காய் அளவுக் கல் ஒன்று பெயர்ந்து புல்லில் உருண்டது. யாரும் பார்க்கவில்லை. எடுத்து, பக்கத்தில் கண்ணில் பட்ட ஒரு சந்தில் செருகி, ஆடுகிறதா என்று இரண்டு தட்டு தட்டிவிட்டு வந்துவிட்டேன். அம்மா மட்டும் பலகையில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டு, “ஏண்டா, இதுவும் சாமி இருந்த இடம் மாதிரிதானே இருக்கு, செருப்போட ஏறி உக்காந்திருக்கியே” என்றார்.

அம்மா சொன்னது சரி. அது போலிஆஹு என்ற ஹெயாவ். ஹெயாவ் என்றால் பழைய ஹவாய் மக்களின் வழிபாட்டு இடம். 1819இல் லிஹோலிஹோ மன்னர் பழைய விலக்கு முறைகளை முறித்தபோது மரச் சிலைகளையும் கூரைகளையும் எரித்தார்கள், சிதைத்தார்கள். அதற்குத் தப்பி நிற்பது கல் மட்டும்தான். வைலுவாவில் இது தனியாகவும் இல்லை. ஆற்றுமுகத்தில் ஹிகினாஅகலா, பெயருக்கே ‘சூரியன் எழுதல்’ என்றுதான் பொருள். அதைத் தாண்டி மலாஎ, 19ஆம் நூற்றாண்டில் அதற்குள் மாட்டைக் கட்டினார்கள். ஆற்றோரமாக ஹோலோஹோலோகு, அதன் அருகில் தலைவர் குலத்துக் குழந்தைகள் பிறந்த பிரசவக்கல். அப்புறம் மேட்டில் போலிஆஹு. 1962லேயே இவற்றை ஒரே தொகுதியாகத் தேசிய வரலாற்றுச் சின்னம் என்று அமெரிக்க அரசு அறிவித்துவிட்டது. நாமோ அந்தச் சின்னத்தின் நடுவே வண்டியை ஓட்டிக்கொண்டு, பெங்களூர் அருகே நம் சிற்பிகள் செதுக்கிக் கப்பலில் வந்திறங்கிய வெள்ளைக் கருங்கல்லைப் பார்க்கப் போகிறோம். அங்கே போனதும் செருப்பைக் கழற்றிக் கை கூப்பினேன். பத்து நிமிடத்துக்கு முன்னால் எதன்மேல் உட்கார்ந்திருந்தேன் என்று அப்போதும் உறைக்கவில்லை.

உறைத்தது அடுத்த வருடம், ஓவாஹு தீவில், ஹெஎய்யா மீன்குளத்தில். கடலோரமாக வளைத்து 88 ஏக்கர் நீரை அடைக்கிற 1.3 மைல் கல்சுவர் அது. 1965 வெள்ளத்தில் உடைந்தது. இந்த நூற்றாண்டில்தான் ஊர்க்காரர்களும் தன்னார்வலர்களுமாகச் சேர்ந்து அந்த உடைப்பை அடைத்தார்கள். சில சனிக்கிழமைகளில் யார் வேண்டுமானாலும் போய் வேலை செய்யலாம், போனேன். வரிசையாக நின்று பவளக்கல் நிரப்பிய வாளிகளைக் கைமாற்றிக் கைமாற்றி அனுப்புகிற வேலை. சுவரின் இரண்டு முகமும் எரிமலைக்கல், நடுவயிற்றில் பவளத் துண்டுகள். சாந்து, சிமெண்ட் எதுவும் கிடையாது.

அங்கே ஒரு தம்பி ஒரு கல்லை எடுத்து வைக்கும் முன் எத்தனை தடவை திருப்பிப் பார்த்தான் என்று எண்ணிக்கொண்டிருந்தேன், ஏழு தடவை. நாம் செங்கல் வைப்பதுபோல நீளமான பக்கம் வெளியே தெரிய அவர்கள் வைப்பதில்லை. நீளம் முழுக்கச் சுவருக்குள் போய்விடும், வெளியே தெரிவது கல்லின் சின்ன முகம்தான். அடிவரிசைக் கற்களை நிஹோ என்கிறார்கள், அவர்கள் மொழியில் பல் என்று பொருள். பல் ஈறுக்குள் இறங்கி நிற்பதுபோல நிற்கும். மேலே வருகிற ஒவ்வொரு கல்லும் கீழே இரண்டு கல்லையாவது கடித்திருக்க வேண்டும், சந்துகளில் சில்லுக்கல் இறுக வேண்டும். ஆக, வெளியே தேங்காய் அளவு தெரிகிற கல் ஒரு முழ நீளத்துக்கு உள்ளே போயிருக்கலாம். அல்லது, நான் பெயர்த்ததுபோல, இரண்டு பெரிய கற்களை இறுக்கிப் பிடித்திருந்த ஆப்பாகவும் இருக்கலாம். அதை உருவி வேறு சந்தில் வைத்துவிட்டால் நாளைக்கே ஒன்றும் ஆகாது. மழை பெய்யும், புல்லின் வேர் போகும், இன்னொருத்தர் வந்து உட்காருவார், ஒருநாள் நாலடிச் சுவர் வயிறு தள்ளிக் கொட்டும். அப்போது அதைத் திரும்ப அடுக்கலாம் என்றாலும், முன்னே எப்படி இருந்தது என்று யாராவது குறித்து வைத்திருந்தால்தான் முடியும்.

இந்த மடலே அந்தக் குறித்து வைக்கிற வேலையைப் பற்றித்தான்.

ஹவாயில் இப்படிப்பட்ட இடங்களுக்கு ஒரு பட்டியல் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். ஹவாய் அமெரிக்காவின் 50ஆவது மாநிலம் என்பதால் எல்லா எண்ணும் 50 என்றே தொடங்கும். அடுத்து தீவு: கவாய் என்றால் 30, ஓவாஹு என்றால் 80, ஹவாய்ப் பெருந்தீவு என்றால் 10. அதற்கப்புறம் வரைபடக் கட்டமும் இடத்தின் சொந்த எண்ணும். பார்க்க ரேஷன் கார்டு எண்போல இருக்கும், ஆனால் அந்தக் கல்லின் உயிர் அதில்தான் இருக்கிறது. யாராவது வீடு கட்டவோ சாலை போடவோ அனுமதி கேட்டு வரும்போது மாநில வரலாற்றுப் பாதுகாப்புப் பிரிவு அந்த நிலத்தில் என்ன எண்கள் இருக்கின்றன என்று பார்க்கும். 50 வருடத்துக்கு மேற்பட்டவை அந்த மாநிலச் சட்டத்தின் 6இ அத்தியாயப்படி வரலாற்றுச் சொத்தாகலாம், ஏட்டில் அப்படித்தான் இருக்கிறது. நடைமுறையில் எண் இல்லாத சுவர், புல்டோசர் ஓட்டுகிறவர் கண்ணுக்கு வெறும் கற்குவியல்.

எழுதி வைத்ததால் மட்டும் எல்லாம் பிழைத்துவிடும் என்று சொல்ல வரவில்லை. 1941 முதல் கடற்படை குண்டு போட்டுப் பழகிய கஹோஒலாவே தீவை 1981இல் முழுத் தீவாகவே வரலாற்று இடங்களுக்கான தேசியப் பதிவேட்டில் ஏற்றினார்கள். ஏற்றிய பிறகும் 1990 வரை குண்டு விழுந்தது. ஓவாஹுவில் எச்-3 நெடுஞ்சாலை போட்டபோது ஹலாவா பள்ளத்தாக்கில் பெண்களுக்கான ஹெயாவ் ஒன்று இருக்கிறது என்று 1992இல் பெண்கள் அங்கேயே குடியேறி உட்கார்ந்தார்கள். சாலை 1997இல் திறந்தேவிட்டது. இன்னொரு பக்கம், மாவுய் தீவின் ஹோனோகஹுவா கடற்கரையில் ஹோட்டல் கட்டத் தோண்டி ஆயிரத்துக்கும் மேற்பட்ட முன்னோர் உடல்களை வெளியே எடுத்தபோது மக்கள் கொதித்தார்கள், ஹோட்டல் தள்ளிப் போனது, அந்தக் கோபத்தில்தான் 1990இல் புதைகுழிகளுக்கான சட்டமும் தீவுக்குத் தீவு குழுக்களும் வந்தன. 2012இல் ஹோனலூலு ரயில் வழக்கில், முழு வழித்தடத்திலும் தொல்லியல் ஆய்வை முடிக்காமல் துண்டு துண்டாக வேலை தொடங்கக்கூடாது என்று ஹவாய் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஏறத்தாழ ஒரு வருடம் வேலை நின்றது. ஆக, முதலில் பார், எழுது, அப்புறம் தோண்டு என்பதற்காக அங்கே மனிதர்கள் தெருவிலும் நீதிமன்றத்திலும் நின்றிருக்கிறார்கள்.

எழுதினவர்கள் கதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1906இல் ஹோனலூலுவின் பிஷப் அருங்காட்சியகத்துக்காக ஸ்டோக்ஸ் என்பவர் பெருந்தீவு முழுக்க ஹெயாவ்களை அளந்து வரைந்தார். அந்த வேலை புத்தகமாக வந்தது 1991இல். 85 வருடம்! கவாய்க்கு பென்னட் 1931இல், ஓவாஹுவுக்கு மெக்அலிஸ்டர் 1933இல். இந்த மெக்அலிஸ்டர் புத்தகத்தைப் புரட்டினால் மனசு ஒரு மாதிரி ஆகிவிடும். பெயர் இருக்கும், ஊர் இருக்கும், பக்கத்தில் ‘அழிக்கப்பட்டது’ என்று இருக்கும். கரும்புக்கும் அன்னாசிக்கும் நிலத்தைத் திருத்தியபோதே போனவை. பக்கத்து வயல்காரக் கிழவர் கை காட்டி ‘இங்கேதான் இருந்தது’ என்று சொன்னதால் பெயராவது மிஞ்சியது.

சரி, இதில் விடுமுறைக்குப் போகிற நமக்கு என்ன வேலை?

2016 ஜூலையில் ஓவாஹுவின் வைஅனாஎ கடற்கரையில் டெக்சாஸிலிருந்து வந்த இரண்டு பேர் சூரிய அஸ்தமனம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அலை மணலை அரித்துப் போயிருந்தது. சாய்ந்த வெயில் பாறைமேல் விழுந்தபோது அதில் மனித உருவம் கோடாகத் தெரிந்தது. சுரண்டவில்லை, சாக்பீஸால் கோடு இழுக்கவில்லை, சொல்ல வேண்டியவர்களிடம் சொன்னார்கள். தொல்லியலாளர்கள் வந்து 17 உருவங்களைப் பதிவு செய்தார்கள். மணல் திரும்ப வந்து மூடிவிட்டது. 2025இல் மறுபடி மணல் விலகியபோது 26 தெரிந்தன. இரண்டு சுற்றுலாப் பயணிகள், ஒரு சாயங்காலம், அவ்வளவுதான்.

நம்மிடம் அவர்களை விட நல்ல போன் இருக்கிறது, ஒரு நாளைக்கு 400 படம் எடுக்கிற பழக்கமும் இருக்கிறது. அதில் பத்தைக் கொஞ்சம் யோசித்து எடுங்கள். பாதையை விட்டு இறங்காமல், முதலில் தூரத்திலிருந்து முழுச் சுவர், பின்னால் மலையோ மரமோ தெரிகிற மாதிரி. பிறகு அதே சுவரை ஓரமாக நடந்துகொண்டே, ஒவ்வொரு படமும் முந்தைய படத்தின் பாதியையாவது திரும்பக் காட்டுகிற மாதிரி. அப்படி எடுத்தால் அவற்றைக் கோத்துக் கணினியில் முப்பரிமாண உருவம் செய்துவிடலாம், தொல்லியலாளர்கள் செய்கிற முறையே அதுதான். பாறைக் கீறலை எடுப்பதானால் காலையிலோ மாலையிலோ வெயில் சாய்ந்திருக்கும்போது எடுங்கள். உச்சி வெயிலில் ஒன்றும் தெரியாது, தெரியவில்லையே என்று தண்ணீர் ஊற்றாதீர்கள், தாள் வைத்துத் தேய்க்காதீர்கள். புதிதாகச் சரிந்த இடம், வேரோடு சாய்ந்த மரம், யாரோ பெயிண்ட் அடித்த பாறை, எதைப் பார்த்தாலும் படத்தைத் தேதியோடு அந்த மாநில வரலாற்றுப் பாதுகாப்புப் பிரிவுக்கோ, அந்த இடத்தைப் பார்த்துக்கொள்கிற ஊர்க்காரர்களுக்கோ அனுப்புங்கள்.

ஆனால் ரீல்ஸில் போடாதீர்கள். இதில்தான் நம் ஆட்களோடு எனக்குச் சண்டையே வரும். “நல்லதைத்தானே காட்டுகிறோம், நாலு பேர் பார்க்கட்டுமே” என்பார்கள். பலகை வைத்த, வேலி போட்ட, பூங்காவுக்குள் இருக்கிற இடத்தைத் தாராளமாகப் போடுங்கள். காட்டுக்குள் பெயரில்லாமல் இருப்பதைப் பார்த்தீர்கள் என்றால் ஜிபிஎஸ் புள்ளியை அதிகாரிக்கு மட்டும் கொடுங்கள். நாலு பேர் நாலாயிரம் பேர் ஆவதற்கு இரண்டு வாரம் போதும். பெருந்தீவின் புஉலோஆவில் 23,000க்கும் மேற்பட்ட பாறைக் கீறல்கள் இருக்கின்றன. குழந்தையின் தொப்புள்கொடியை வைத்து நீண்ட ஆயுள் வேண்டிக்கொண்ட சின்னச் சின்னக் குழிகள் அங்கே ஆயிரக்கணக்கில். விரல்நுனி போகிற அளவுதான் ஒவ்வொன்றும். ஷூ போட்ட கால் பட்டுப் பட்டு அந்த விளிம்பு தேயும் என்பதற்காகத்தான் மரப்பாலம் போட்டுச் சுற்றிக் காட்டுகிறார்கள். பாலத்தை விட்டு இறங்கி, குழிக்குப் பக்கத்தில் குழந்தையை உட்கார வைத்துப் படம் எடுத்தவர்களை என் கண்ணாலேயே பார்த்தேன், பேச்சு தமிழில்தான் இருந்தது.

பவளத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இது பலருக்குத் தெரியாது. சில ஹெயாவ்களில் கருங்கல் இடுக்கில் வெள்ளையாக ஒரு பவளக் கிளை கிடக்கும். கடலிலிருந்து அவ்வளவு தூரம் யாரோ தூக்கி வந்து படைத்தது. பவளம் உயிரோடு இருந்தது எந்த ஆண்டு என்பதை யுரேனியம், தோரியம் கணக்கை வைத்துச் சொல்லிவிட முடியும். மாவுயின் கஹிகினுய் பகுதிக் கோயில்களில் கிடைத்த பவளத்தை அப்படி அளந்து, அந்தக் கோயில்களில் பெரும்பாலானவை 1600ஐ ஒட்டி ஏறக்குறைய 60 வருடத்துக்குள்ளேயே எழும்பியவை என்று கிர்ச், ஷார்ப் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2005இல் காட்டினார்கள். ஓரிரு தலைமுறைக்காலத்தில் ஒரு தீவின் அரசும் சமயமும் மாறிய கதை, கையளவு பவளத்தில் இருந்திருக்கிறது. கோனா விமான நிலையத்துக்குப் பக்கத்து நெடுஞ்சாலையில் கறுப்பு எரிமலைப் பாறைமேல் வெள்ளைப் பவளத்தை அடுக்கிக் காதலர் பெயர் எழுதுகிற பழக்கம் உண்டு, பார்த்திருப்பீர்கள். அந்த ஆசை வந்தால் கடற்கரை மணலில் விரலால் எழுதுங்கள். சுவர் மேல் கிடக்கிற பவளத்தை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு வேறு இடத்தில் வைத்தால்கூட அது எதற்கும் சாட்சி இல்லாமல் போய்விடும்.

படையல் போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பக்தியில்தான் செய்கிறீர்கள், புரிகிறது. விபூதி, குங்குமம், சூடம், ஊதுபத்தி எதுவும் வேண்டாம். ‘டி’ என்கிற செடியின் இலையில் கல்லைச் சுற்றி வைப்பது அந்த ஊர்ச் சம்பிரதாயம் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள், அது பழைய ஹவாய்ப் பழக்கமே இல்லை, பூங்கா ஆட்கள்தான் எடுத்து எடுத்து மாளாமல் இருக்கிறார்கள். கல்மேல் கல் அடுக்கிக் குட்டிக் கோபுரம் கட்டுவதும் அப்படித்தான். அந்தக் கல் எங்கிருந்தோ எடுத்தது, அந்த எங்கிருந்தோ ஒரு சுவராக இருக்கலாம். கும்பிட வேண்டும்போல இருந்தால் வெளியே நின்று கும்பிடுங்கள்.

அடுத்து குமரிக்கண்ட வீடியோ போடுகிற தம்பிகள். உங்களோடு நிறையப் பேச வேண்டும், ஆனால் மடல் நீண்டுவிட்டது. ஒன்று மட்டும். ‘பசிபிக்கில் தமிழன் கட்டிய மர்மக் கோயில்’ என்று தலைப்பு வைத்தால் பார்வை எகிறும், தெரியும். அந்தச் சுவரைக் கட்டியவர்கள் யார் என்பதில் எந்த மர்மமும் இல்லை. பெருந்தீவின் புஉகோஹோலா ஹெயாவை 1790, 91இல் கமேஹமேஹா என்ற மன்னர் கட்டினார். போலோலு பள்ளத்தாக்கிலிருந்து 20 மைலுக்கு மேல் ஆட்கள் வரிசையாக நின்று கல்லைக் கைமாற்றிக் கைமாற்றி அனுப்பினார்கள் என்று அவர்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். ஹெஎய்யாவில் அரை நாள் வாளி மாற்றியதற்கே எனக்கு இரண்டு நாள் தோள் தூக்க முடியவில்லை. தன் பாட்டன் தோளில் சுமந்த கல்லை, அவனுடைய பேரன் பேத்திகள் உயிரோடு பக்கத்தில் நின்று வழக்கு நடத்திக்கொண்டிருக்கும்போது, நம் பெயரில் எழுதிக்கொள்ள நாம் யார்? நாளைக்கு ஒரு ஹோட்டல் முதலாளியின் வக்கீல், “யார் கட்டினதென்றே தெரியாத கல்” என்று நீதிமன்றத்தில் சொல்வதற்கு நீங்கள் வழி போட்டுக் கொடுக்கிறீர்கள்.

இயற்கை தன் பங்குக்குச் செய்துகொண்டிருக்கிறது, அதை யாராலும் தடுக்க முடியாது. கிலவேயா எரிமலையின் குழம்பு 1989இல் வஹஉலா ஹெயாவைச் சுற்றி வந்து, உள்ளே நுழையாமல் விட்டது. 1997இல் மூடியே விட்டது. 2006 அக்டோபரில் 6.7 அளவு நிலநடுக்கம் புஉகோஹோலாவின் சுவரைச் சரித்தது, பிறகு சாந்து இல்லாமல் அடுக்கத் தெரிந்தவர்களை வைத்துத் திரும்ப எழுப்பினார்கள். கரையோர ஹெயாவ்களில் இப்போது பெரிய அலை நாளில் தண்ணீர் ஏறுகிறது. வஹஉலாவை இனி படத்திலும் வரைபடத்திலும்தான் பார்க்க முடியும்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு வீட்டுக்கு வந்த பிறகு அந்தத் தேங்காய் அளவுக் கல் தூங்கவிடவில்லை. பழைய படங்களை நோண்டினேன். மனைவி எடுத்ததில் ஒன்று, நான் உட்காரப் போகிற நொடி. காக்கி அரைக்கால் சட்டை, இடது முழங்காலுக்குப் பின்னால் அந்தக் கல், பாசி படிந்த பக்கம் கீழே பார்க்க, இரண்டு பெரிய கற்களுக்கு நடுவில் ஆப்பாக. கிளம்பும்போது அம்மாவை நிற்க வைத்து எடுத்த இன்னொன்றில் அதே கல், ஒன்றரை அடி வலது பக்கம் தள்ளி, பாசி மேலே, தலைகீழாக. முதல் படத்தில் வட்டம் போட்டு, இரண்டாவதில் அம்புக்குறி போட்டு, நடந்ததை மறைக்காமல் எழுதி, அந்த இடத்தைப் பராமரிக்கிறவர்களுக்கு அனுப்பினேன். அபராதம் வரும் என்று வயிற்றில் புளி கரைத்துக்கொண்டே இருந்தது.

மூன்று வாரம் கழித்து இரண்டு வரியில் பதில் வந்தது. படங்களைக் கோப்பில் சேர்த்துவிட்டோம், சுவரின் அந்தப் பக்கத்துக்கு இவ்வளவு கிட்டத்தில் எடுத்த படம் எங்களிடம் இல்லை, நன்றி. அடுத்த முறை தயவுசெய்து நின்றுகொண்டே படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
கோப்பில் முழங்காலோடு இருக்கும் ஒருவன்